கம்ப்யூட்டர் பிஎம்ஆர் (பேட்ச் தயாரிப்புப் பதிவேடு): தாளில் குறிச்சு வச்சு ஷிப்ட் முடியும்போது ஏத்துறாங்க. திரையில எதை மாத்தணும்?

கோட்டாறு_க்யூஏ:

நாகர்கோவில் பக்கம் ஒரு மாத்திரை யூனிட். பேட்ச் 60 கிலோ, சராசரி எடை 600 மில்லிகிராம், ஒரு லட்சம் மாத்திரை. பிஎம்ஆரை பேப்பரிலிருந்து டச் பேனலுக்கு மாத்தியாச்சு. ஆனா கிரானுலேஷன் (பொடியைக் குருணையாக்கிற) அறையில ஆபரேட்டர்கள் துண்டுத் தாள்ல எழுதி வச்சு, ஷிப்ட் முடியிற நேரம் மொத்தமா ஏத்துறாங்க. ஆடிட் ட்ரெயிலை (யார், எப்ப, எதைப் பதிஞ்சாங்கன்னு தானா சேருற பதிவை) பார்த்தா பைண்டர் (ஒட்டவைக்கிற பசை) ஊத்தினது, பிசைஞ்சது, உலர்த்தினது எல்லாம் 4 நிமிஷத்துக்குள்ள நடந்த மாதிரி இருக்கு. வேலை நடக்கும்போதே பதியணும்ங்கிற அடிப்படையே போயிடுச்சு.

பயிற்சி மூணு தடவை கொடுத்தாச்சு, மாற்றமில்லை. ஆட்கள் சொல்ற குறை: ஸ்டெப்புக்கு ஸ்டெப் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் கேக்குது, 5 நிமிஷம் தொடலைன்னா லாக் ஆகுது, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, மழைக்காலத்துல உலர்த்தல் 45 நிமிஷம் தாண்டினா டீவியேஷன் (முறையில இருந்து விலகல்னு பதிவு) விழுது. சாப்ட்வேர்காரங்க "வேலிடேஷன் (சோதிச்சு நிரூபிக்கிறது) முடிஞ்சுது, இனி கை வைக்க முடியாது"ன்னு சொல்றாங்க. முதல்ல எதைக் கேட்டு மாத்துறது?

தக்கலை_ப்ரொடக்‌ஷன்:

அண்ணாச்சி, ஆட்கள் மேல குத்தம் இல்ல. துண்டுத் தாள் வருதுன்னா அந்த அறையில திரை கைக்கு உதவலைன்னு அர்த்தம். லாகின்ல இருந்து தொடங்குங்க.

21 சிஎஃப்ஆர் பார்ட் 11 (மின்னணுப் பதிவு, கையெழுத்துக்கான அமெரிக்க விதி) ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஐடியும் பாஸ்வேர்டும் கேக்கச் சொல்லலை. ஒரே ஆள் இடைவிடாம வேலை செய்யிற ஒரு அமர்வுல முதல் கையெழுத்துக்கு இரண்டு கூறும் வேணும். அடுத்தடுத்த கையெழுத்துக்குக் குறைஞ்சது ஒண்ணு போதும், அது அந்த ஆளுக்கு மட்டுமே தெரிஞ்சதா, அவரால மட்டும் போடக்கூடியதா இருக்கணும். அதனால ஷிப்ட் தொடக்கத்துல முழு லாகின், அப்புறம் ரகசிய பின் நம்பர் மட்டும். ஐடி கார்டை மட்டும் காட்டினா போதும்னு விட்டுடாதீங்க, கார்டு கை மாறும். ஆள் அறையை விட்டு வெளிய போனா அமர்வு முடிஞ்சது, திரும்ப முழு லாகின்தான். ஸ்க்ரீன் லாக் ஆனாலும் ஓடிக்கிட்டிருக்கிற டைமர் கண்ணுக்குத் தெரியணும். அதை மறைச்சு லாகின் பக்கத்தை மட்டும் காட்டுறது பெரிய தப்பு.

ஏன்னா லூப்ரிகேஷனை (மாத்திரை அச்சுல ஒட்டாம இருக்க வழுக்குப் பொடி கலக்கிறதை) பாருங்க. உங்க 60 கிலோவுக்கு மெக்னீசியம் ஸ்டியரேட் 0.8 சதவீதம்னா 480 கிராம். 5 நிமிஷம் கலக்கணும்னு வச்சுக்குவோம். கூடுதலா கலந்தா ஸ்டியரேட் ஒவ்வொரு துகள் மேலயும் படலமா பரவும், மாத்திரை இறுகாது, கரைய நேரம் எடுக்கும். இப்ப பிளெண்டரை 5 நிமிஷத்துல நிறுத்திட்டு வந்தவர் லாகின் பக்கத்துல மாட்டிக்கிட்டார்னா "முடிஞ்சது" பட்டன் அமுக்க 9 நிமிஷம் ஆகுது. பதிவுல 9ன்னு நிக்கும், நடந்தது 5. அடுத்த தடவை அவர் கடிகாரத்தைப் பார்த்து தாள்ல எழுதத்தான் செய்வார். பிளெண்டர் கண்ட்ரோல் பேனல்ல இருந்தே ஓட்டம், நிறுத்தம் இரண்டையும் சிக்னலா எடுக்க முடிஞ்சா அதுதான் உத்தமம்.

இன்னொண்ணு, சரிபார்ப்பு. இரண்டாவது ஆள் கையெழுத்துப் போடாம "கொட்டு" ஸ்டெப் திறக்கவே கூடாது. சரக்கு பாத்திரத்துல விழுந்த பிறகு போடுற கையெழுத்து எதையும் சரிபார்க்கலை.

மார்த்தாண்டம்_ஸ்க்ரீன்வேலை:

மேல சொன்னதோட தமிழ் விஷயத்தையும் சேர்த்துக்கங்க. அகராதி பார்த்து மொழிபெயர்த்தா காரியம் கெடும். "சேர்"னு ஒரு பட்டன் வச்சா அது இனி சேர்க்கச் சொல்ற கட்டளையா, சேர்த்ததுக்கு ஒப்புதலா? ஆளுக்கு ஆள் மாத்திப் புரிஞ்சுக்குவாங்க. செய்ய வேண்டியதை மேல வாக்கியமா எழுதுங்க: "ஸ்டார்ச் பசையை ஊற்றவும்". பட்டன்ல "ஊத்தியாச்சு"ன்னு மட்டும் இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பாதீங்க, சொல்லும் கூடவே நிக்கட்டும். மருந்துப் பொருள் பேரை டப்பா லேபிள்ல இருக்கிற எழுத்திலேயே காட்டணும், தமிழாக்கம் வேண்டாம், இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்கணுமே. பழைய பேனல்ல "கொ", "கோ" உடைஞ்சு தெரியுதான்னு அதே மெஷின்ல போட்டுப் பாருங்க, உங்க லேப்டாப்ல பார்த்தது கணக்கில்ல. தமிழ் சொல் நீளம், பட்டன்ல இரண்டு வரிக்கு இடம் விடுங்க.

கையுறை போட்ட கைக்குப் பட்டன் 15 மில்லிமீட்டராவது வேணும், 20 இருந்தா கொள்ளாம். நடுவுல இடைவெளியும் வேணும். ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்கும்போது ஈரமே தொடுதலா பதிவாகும், அதனால "துடைக்கிறேன்"னு ஒரு பூட்டு வச்சு அரை நிமிஷம் தொடுதலை நிறுத்துங்க.

எடை விஷயத்துல கையால டைப் பண்ண விடவே வேண்டாம். தராசு இண்டிகேட்டர்ல சீரியல் போர்ட் இருந்தா நேரா எடுக்கலாம். பல இண்டிகேட்டர்கள் எடைக்கு முன்னால "எஸ்டி"ன்னா நிலையா நிக்குது, "யுஎஸ்"னா ஆடுதுன்னு அனுப்பும். "எஸ்டி" வந்தா மட்டும் ஏத்துக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்க. தராசு எந்த அலகுல காட்டுதோ திரையும் அதே அலகுல காட்டணும். சின்ன தராசு 480 கிராம்னு காட்டும்போது திரை 0.480 கிலோ கேட்டா, புள்ளி எங்கயாவது நழுவும். பத்து மடங்கு பிழை அங்கதான் பிறக்குது. எதிர்பார்க்கிற எடையைக் கட்டத்துக்குள்ள முன்கூட்டியே நிரப்பி வைக்காதீங்க. வரம்பை பக்கத்துல காட்டுங்க, கட்டம் காலியா இருக்கட்டும்.

திருத்தத்துக்குக் காரணம் கேக்கும் பட்டியல்ல முதல் வரியே "டைப்பிங் பிழை"ன்னா எல்லாரும் அதையே அமுக்குவாங்க. எதுவும் தேர்வாகாம தொடங்கட்டும். பழைய மதிப்பு கோடு போட்ட மாதிரி அங்கேயே தெரியணும், மறையக் கூடாது.

கோட்டாறு_க்யூஏ:

நன்றி. உலர்த்தல் 45 நிமிஷத்தை என்ன செய்யலாம்? இடவப்பாதி மழையிலயும் ஐப்பசி மழையிலயும் எஃப்பிடி (சூடான காற்றை ஊதி உலர்த்துற மெஷின்) 60 டிகிரில ஓட்டியும் ஈரம் இறங்க மாட்டேங்குது.

குளச்சல்_வேலிடேஷன்:

உலர்த்தல் முடிவை நேரம் தீர்மானிக்கக் கூடாது, எல்ஓடிதான் (உலர்த்தினா குறையிற எடை, அதாவது மிச்ச ஈரத்தோட சதவீதம்) தீர்மானிக்கணும். உள்ள இழுக்கிற காற்றிலேயே ஈரம் கூடினா அதே வெப்பத்துல நேரம் நீளத்தான் செய்யும், நம்ம மாவட்டத்துக்கு வருஷத்துல இரண்டு மழைக்காலம் வேற.

திரையில சுற்று வச்சுக் கொடுங்க: உலர்த்து, சாம்பிள் எடு, எல்ஓடி பதி, வரம்புக்கு மேல இருந்தா "மறுபடி உலர்த்து". ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வரி, இன்லெட் வெப்பம், நேரம், எல்ஓடி மூணும் இருக்கணும். இப்ப உங்க திரையில எல்ஓடிக்கு ஒரே கட்டம்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அப்படின்னா முதல்ல வந்த 3.8, அடுத்து வந்த 3.1 ரெண்டும் துண்டுத் தாள்லயே செத்துடும், 2.4 மட்டும் உள்ள வரும். சாதாரண உலர்த்தல் பதிவு, தகவலை மறைச்ச பதிவா மாறிடும். மொத்த நேரத்துக்கு ஒரு உச்ச வரம்பு கட்டாயம் வேணும். அதை மழைக்காலத்துல ஓட்டின பேட்ச்களையும் சேர்த்து வேலிடேஷன்ல நிரூபிச்சு வைங்க. அந்த உச்சத்தைத் தாண்டினா மட்டும் டீவியேஷன்.

"கை வைக்க முடியாது"ன்னு சொல்றது சரியில்ல. சேஞ்ச் கண்ட்ரோல் (மாற்றத்துக்கான முறையான ஒப்புதல்) போட்டு, எந்தத் திரை, எந்தக் கணக்கு, எந்தக் கையெழுத்து பாதிக்குதுன்னு எழுதி, அதை மட்டும் மறுபடி சோதிக்கணும். கேம்ப் 5 (GAMP 5, மருந்துத் துறை கம்ப்யூட்டர் வேலிடேஷன் வழிகாட்டி) சொல்ற ஆபத்து அடிப்படையிலான வழியும் இதுதான். லேபிள் மாத்துறதுக்குச் சின்ன சோதனை போதும், எல்ஓடி சுற்றுக்கு ஆழமா வேணும், தோத்துப்போற கேஸையும் ஓட்டிப் பார்க்கணும். ஆனா தமிழ் வாக்கியம் மாஸ்டர் பிஎம்ஆரோட பகுதி, க்யூஏ (தர உறுதிப் பிரிவு) ஒப்புதல் இல்லாம ஒரு சொல்லும் மாறக் கூடாது.

மின்சாரம் போற நேரத்துக்கும் வழி வைங்க. சர்வரும் பேனலும் யுபிஎஸ்ல இருக்கணும். நெட்வொர்க் அறுந்தா பேனல் உள்ளேயே சேமிச்சு, திரும்ப இணையும்போது "இணைப்பில்லாம பதிஞ்சது"ன்னு குறியோட ஏத்தணும். பேனல் கடிகாரத்தை ஆபரேட்டர் தொட முடியாதபடி பூட்டுங்க. அதுவும் முடியாத நேரத்துக்கு க்யூஏ எண்ணிட்டுக் கொடுத்த தாள் மட்டும். அந்த எண்ணைத் திரையில பதிஞ்சு, மூலத் தாளை ஸ்கேன் பண்ணி பேட்ச்சோட சேர்த்து வைக்கணும். எண்ணில்லாத தாள் அறைக்குள்ள இருந்தா அன்னைக்கே எடுத்துடுங்க, ஆனா அதுக்கு முன்னால திரையைச் சரி பண்ணிட்டு எடுங்க.