ஆளுக்கு இரண்டு அடி

குழு: கோவில் தெரு வீடு

அருண்: 📷 5 படங்கள்

அருண்: கெட்டிஸ்பர்க் வந்து சேர்ந்தோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலப் படையும் தெற்கு மாநிலப் படையும் 1863 ஜூலை 1 முதல் 3 வரை மோதிய இடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நினைவுக்கல். 1,300க்கு மேல் நிற்கின்றன.

மீனாட்சி பெரியம்மா: மூன்றாவது படத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறதே! உயிருள்ளதா?

கவிதா: வெண்கல நாய், பெரிய அத்தை. பெயர் சேலி. 11ஆம் பென்சில்வேனியா காலாட்படையின் செல்லம். இங்கே படை பின்வாங்கியபோது இது மட்டும் வரவில்லையாம். அடிபட்டுக் கிடந்தவர்களோடு இங்கேயே இருந்துவிட்டது. 1865இல் வேறொரு சண்டையில் குண்டு பட்டு இறந்தது. 1890இல் கல் நாட்டியபோது அடியில் அதன் சிலையையும் வைத்தார்கள்.

கவிதா: வருகிறவர்கள் அதன் காலடியில் பிஸ்கட் வைத்துவிட்டுப் போகிறார்கள். பாப்பா தன் பங்கையும் வைத்தாள். பாதி கடித்தது.

மீனாட்சி பெரியம்மா: சமர்த்து 😀

முரளி சித்தப்பா: நம் ஊர் நடுகல் போல என்று சொல்.

தாத்தா: அது செத்தவனுக்கு நடுவது, முரளி. இது படை நின்ற இடத்துக்கு நட்டது போலத் தெரிகிறது. அருண், நான்காவது படத்தில் புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒன்று தெரிகிறதே, அது என்ன?

அருண்: அதைப் பார்த்துவிட்டீர்களா! பெரிய கல்லுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ரெஜிமென்டின், அதாவது ஒரு படைப்பிரிவின் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டுவதற்காம். யாரும் நின்று பார்ப்பதில்லை. எல்லோரும் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தாத்தா: சர்வே கல்! சிலையை எவனும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். இந்த இரண்டு கல்லை வைக்க இடம் தெரிந்திருக்க வேண்டும்.

முரளி சித்தப்பா: 34 வருடம் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தவரிடம் கல்லைக் காட்டிவிட்டாய். இனி இன்று இரவு யாருக்கும் தூக்கம் இல்லை.

தாத்தா: இடத்தில் தகராறு வந்திருக்குமே?

அருண்: வந்தது தாத்தா. 72ஆம் பென்சில்வேனியா ரெஜிமென்ட்காரர்கள், முன்னால் கற்சுவருக்குப் பக்கத்தில்தான் எங்கள் கல் நிற்க வேண்டும் என்றார்கள். நிலத்தைப் பராமரித்த சங்கம், நீங்கள் பின்னால்தான் நின்றீர்கள், அங்கே வையுங்கள் என்றது. மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1891இல் சுவரருகிலேயே வைத்துவிட்டார்கள். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து உலக்கை போல ஓங்கும் ஆள். ஐந்தாவது படம்.

தாத்தா: பங்காளிச் சண்டை பரவாயில்லை.

முரளி சித்தப்பா: எல்லாம் ஜெயித்தவன் கல்லாகவே இருக்கிறதே. தோற்றவனுக்கு?

அருண்: குறைவு, சித்தப்பா. தொடக்கத்தில் சங்கம் ஜெயித்த வடக்கத்தியர் கையில் இருந்தது. அணிவகுத்து நின்ற இடத்தில்தான் ரெஜிமென்ட் கல் வைக்கலாம் என்பது விதி. தெற்கத்தியருக்கு அது எதிர்மேட்டில், வெகு தூரத்தில். ஓடிவந்து செத்த இடத்தில் வைக்க முடியாது. போருக்குப் பின் அவர்களிடம் பணமும் இல்லை. வர்ஜீனியாவின் பெரிய சிலை வந்தது 1917இல்தான்.

மீனாட்சி பெரியம்மா: அடிமை வைத்துக்கொள்ளத்தானே சண்டை போட்டார்கள். கல் வேறு வேண்டுமா?

தாத்தா: அதை விடு. வரிசையில் ஆள் எப்படி நிற்பான்?

அருண்: தோளோடு தோள். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை. ஓர் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு அடி.

தாத்தா: அப்படியானால் கணக்கு சுலபம். ஆளுக்கு இரண்டு அடி, இரண்டு வரிசை. எத்தனை ஆளோ அத்தனை அடி நீளம்.

அருண்: 😮 ஆமாம்! இப்போது 1ஆம் மினசோட்டா ரெஜிமென்டின் கல்லருகே நிற்கிறேன். ஓடும் சிப்பாயின் சிலை. ஜூலை 2 மாலை, வரிசையில் விழுந்த ஓட்டையை அடைக்கச் சில நிமிடம் வேண்டும் என்று இவர்களை ஏவினார்கள். போனவர்கள் 262 பேர் என்று கல்லில் பொறித்திருக்கிறது. 215 பேர் செத்தோ அடிபட்டோ விழுந்தார்கள். 47 பேர் வரிசையில் மிஞ்சினார்கள். காணாமல் போனவர் ஒருவர்கூட இல்லை.

மீனாட்சி பெரியம்மா: ஐயோ.

தாத்தா: 262 ஆள் என்றால் 262 அடி. நீ வைக்கும் ஓர் எட்டு இரண்டரை அடி இருக்கும். 105 எட்டு நட.

அருண்: வெயில், தாத்தா.

தாத்தா: நட.

கவிதா: நடக்கிறார். பாப்பா பின்னால் ஓடுகிறாள். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்று வேடிக்கை பார்க்கிறார்.

அருண்: 105 முடிந்தது. திரும்பிப் பார்த்தால் கவிதா கையசைப்பது சின்னதாகத் தெரிகிறது.

தாத்தா: இப்போது 47க்கு. 19 எட்டு.

அருண்: நடந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் மூன்று கார் நீளம்கூட இல்லை. பாப்பா "அவ்வளவுதானா, இன்னும் போகலாம்" என்கிறாள்.

மீனாட்சி பெரியம்மா: குழந்தையை வெயிலில் நிறுத்தாதே. தண்ணீர் கொடு.

தாத்தா: கொடு. பிறகு அந்த இடப்பக்கத்துச் சின்னக் கல்லை மறுபடி படம் எடு. எழுத்தின் மேல் உன் நிழல் விழுந்திருக்கிறது.