ரத்த உறவில்லாத குடும்பத்தைப் படமெடுக்க யோசனை தேவை

வணக்கம். திருமணமோ ரத்த உறவோ இல்லாமல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களை உருவப்படங்களாக எடுத்துவருகிறேன். முதல் வீட்டில் வயதான தோழிகள் மூவர். வரிசையாக நிற்கவைத்தேன்; பிரிவுபசார விழாப் படம்போல் வந்துவிட்டது! கேமராவைக் கீழே வைத்த பிறகுதான் ஒருவர் இன்னொருவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கித் துடைத்து, அவரே மாட்டியும் விட்டார். எனக்கு வேண்டிய படம் அதுதான், போய்விட்டது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் நிக்கோலஸ் நிக்சன் 1975 முதல் ஆண்டுதோறும் நான்கு சகோதரிகளை ஒரே வரிசையில் நிறுத்தி எடுத்தார். அந்த வித்தை எனக்குக் கைவரவில்லை.

85 மி.மீ. லென்ஸில் திறப்பை எஃப்/2 என அகலமாக வைத்தால் ஒரு முகம்தான் தெளிகிறது; எஃப்/8 எனச் சுருக்கினால் ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. அதைச் சமாளிக்கக் கேமராவை முக்காலியில் வைத்தால், முக்காலியைக் கண்டாலே விறைத்துக்கொள்கிறார்கள். இன்னும் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸுக்கு மாறலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். ஒப்புதலை எழுத்தில் எப்படி வாங்குகிறீர்கள் என்பதையும்.