மேலூர் பக்கம் வயல் விவரம் தெரிந்த தரகர் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மதுரை அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் 14 வருடமாக வாடகை வீடு, பழைய வீடு விற்பனை பார்த்து வருகிறேன். வயல் வியாபாரம் செய்து பழக்கமில்லை.

என் மூலம் வீடு வாங்கிய ஐயா ஒருவர், மேலூர் பக்கம் பெரியாறு பாசனத்தில் இருக்கும் 2 ஏக்கர் நஞ்சையை விற்றுத் தரச் சொல்கிறார். மஞ்சப்பையில் இருந்து எடுத்துக் காட்டிய மூலப்பத்திரம் மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கிறது. பலர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா, அவரவர் பங்கைத் தனியாக அளந்து பிரிக்கும் உட்பிரிவு ஆகவில்லை. 1975-இல் இருந்து வில்லங்கம் (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) ஆன்லைனில் பார்த்தாச்சு. அதற்கு முந்தியதை இனிமேல்தான் தேடணும். வாய்க்கால் பாத்தியம் (வாய்க்கால் தண்ணீர் உரிமை), வண்டிப்பாதை எல்லாம் பத்திரத்தில் எப்படி வரணும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்ட மனசு வரவில்லை. பெரியவர் என்னை நம்பி வந்திருக்கிறார்.

விவசாய நிலம் மட்டுமே பார்க்கிற, அந்தப் பக்க வி.ஏ.ஓ., சர்வேயர் நடைமுறை அறிந்த ஆள் இருந்தால் சொல்லுங்கள். அறிமுகத்துக்கு கமிஷனில் கால் பங்கு போதும், அதையும் ஐயாவிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். உண்மை விலையை மறைத்து, நடுவில் தனக்கு லாபம் வைத்து விற்கிறவர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்பாக்ஸில் எண் அனுப்புங்கள். ஞாயிறு காலை சேர்ந்தே போய் நிலத்தைப் பார்க்கலாம்.