கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனேன்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் பினாங்குக்குத் திரும்பிவிட்டேன். "சேலத்தில் என்ன சாப்பிட்டாய்" என்று 4 பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள், "எப்படி இருக்கிறாய்" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, சரி, எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள்தானே. மொத்தம் 2 வாரம் இருந்தேன். முதல் 10 நாள் ஒரு கல்யாணம், 2 துக்க விசாரிப்பு, வங்கி, பல் வைத்தியம் என்று போய்விட்டது. அதையெல்லாம் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். கடைசி 4 நாள் கதை மட்டும் சொல்கிறேன்.

அம்மா போன பிறகு அம்மாபேட்டை வீட்டை விற்றுவிட்டது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்த முறை தோழி வீட்டில் தங்கினேன். யார் என்று சொல்ல வேண்டியதில்லை, நூல் கடைக்காரர் மகள், எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பீரியடிலேயே என் டிபன் பாக்ஸைக் காலி செய்தவள். மலேசியப் பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து சொந்த ஊருக்கு வரவே எனக்கு விசா வேண்டும். அந்த விண்ணப்பத்தில் இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்தவர் யார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இத்தனை வருஷமும் அதில் அம்மா பெயரைத்தான் எழுதினேன். இந்த முறை இவள் பெயரை எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போகக் கொஞ்ச நேரம் ஆனது.

வியாழக்கிழமை சாயங்காலம் "இன்னைக்கு அடுப்பே பத்த வைக்க மாட்டேன், கிளம்புடி" என்றாள். வேறென்ன, தட்டுவடை செட்தான். வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்காக ஒரு தரம் எழுதி வைக்கிறேன். கைக்குள் அடங்குகிற மொறுமொறு தட்டுவடை ஒன்று, அதன் மேல் புதினா கொத்தமல்லிப் பச்சைச் சட்னி, மிளகாயும் பூண்டும் சேர்ந்த சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அப்புறம் மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடித் தருவார்கள். பாதி கடித்துப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் வெளியூர் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், முழுசாக உள்ளே போக வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கோ பல் டாக்டர் ஒரு வாரத்துக்குக் கடினமானது எதையும் தொடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். "அப்ப உனக்கு நொறுக்கல்" என்று இவளே முடிவு செய்துவிட்டாள். தட்டுவடையை உடைத்துப் போட்டு, காயும் சட்னியும் கலந்து பிசறித் தருவது. 2 தட்டு சாப்பிட்டேன். மூன்றாவதாக, பல்லைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, முழு செட்டே வாங்கினேன். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பினாங்கில் தமிழ் முஸ்லிம் கடைகளில் பசெம்பூர் என்று ஒன்று கிடைக்கும், பொரித்த வடைத் துண்டு, துருவிய வெள்ளரிக்காய், அவித்த முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுக் காய்ச்சிய சிவப்புக் குழம்பு. இதுதான் தட்டுவடை செட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று என் பிள்ளைகளிடம் இத்தனை காலம் சொல்லி வந்தேன். அந்த வியாழக்கிழமையோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஏற்காடு. பினாங்கு மலைக்கு 1923-இலிருந்தே இழுவை ரயில் ஓடுகிறது, ஏறி உட்கார்ந்தால் சில நிமிஷத்தில் உச்சி, அதுவும் வெறும் 833 மீட்டர். நம் ஏற்காடு 1500 மீட்டருக்குப் பக்கம், 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே ஏறினால்தான் மேலே போய்ப் பசிக்கும். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, ஒரு பலாச்சுளைப் பொட்டலம், சேர்வராயன் கோயில் பக்கம் நல்ல காற்று. காப்பித்தூளும் மிளகும் வாங்கினோம். 1820 வாக்கில் கலெக்டர் காக்பர்ன் நட்ட செடியில் தொடங்கியதாம் அந்த மலைக் காப்பி. இறங்கும்போது இருவரும் தூங்கிவிட்டோம், வளைவை எண்ண ஆள் இல்லை.

சனிக்கிழமைதான் சிக்கல். ஊர் முழுக்க மாம்பழம் குவிந்து கிடக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கு 2 கிலோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் மலேசியாவுக்குள் பழம் கொண்டுபோக முடியாது. இருக்கிற 2 நாளுக்குள் தின்றே தீர்க்க வேண்டும். காலையில் இமாம் பசந்த், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மல்கோவா, சாயங்காலம் செந்தூரா, ராத்திரி தயிர்ச் சோற்றோடு மறுபடியும் மல்கோவா. மல்கோவாவை அறுத்துத் தட்டில் அடுக்கி முள்கரண்டியால் குத்திச் சாப்பிடும் பழக்கம் எனக்கு அங்கே போய் ஒட்டிக்கொண்டது. இவள் அதைப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பின்கட்டில் உட்கார்ந்து முழங்கை வரை சாறு வழியச் சாப்பிட்டோம். தெருவில் ஒரே ஒரு தறிச் சத்தம் கேட்டது. சின்ன வயதில் அந்தச் சத்தம் இல்லாத வீடு எது என்று தேட வேண்டியிருக்கும். எங்கள் பழைய வீட்டுப் பக்கம் போகலாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிறு ராத்திரி என் முறை. மாமியாரிடம் கற்ற சாகோ குலா மெலாக்கா செய்து தருவதாகப் போகும் முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். அவித்த ஜவ்வரிசியைக் கிண்ணத்தில் குளிர வைத்துக் கவிழ்த்து, உப்புப் போட்ட தேங்காய்ப்பாலும் தென்னை வெல்லப் பாகும் ஊற்றிச் சாப்பிடுவது. அதற்காகப் பினாங்கிலிருந்து வெல்லத்தோடு அரை கிலோ ஜவ்வரிசிப் பாக்கெட்டையும் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போயிருந்தேன். எந்த ஊருக்குப் போகிறேன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? பாக்கெட்டை வாங்கிப் பார்த்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, அண்ணன் 30 வருஷமா சேகோ ஆலையில இருக்கார், நீ எனக்கு ஜவ்வரிசி கொண்டாந்திருக்கியா? கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தியா?"

திண்ணையிலிருந்து அவள் அப்பா குரல் கொடுத்தார். 84 வயது, காது மட்டும் நமக்கு வேண்டாதபோது நன்றாகக் கேட்கும். "சிரிக்காத கண்ணு, ஊசியே அங்கேருந்து வந்ததுதான்" என்றார்.

நான் இதை அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. போர்க் காலம், வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோன நேரம். 1943-இல் மாணிக்கம் செட்டியார் என்ற சேலத்து மீன் வியாபாரி தொழில் விஷயமாகக் கேரளா போன இடத்தில் போபட்லால் ஷா என்பவரைச் சந்திக்கிறார். மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் தொழில் தெரிந்த அந்த ஷா வந்தது பினாங்கிலிருந்து. அந்த இருவரில் தொடங்கியதுதான் நம் ஊர் ஜவ்வரிசித் தொழில். மலாய் நாட்டுப் பக்கம் பழைய காலத்துச் சாகோ ஒரு வகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்தது, நம்முடையது கிழங்கு. கிழங்கை அரைத்துப் பாலைத் தெளிய வைத்து, மாவைத் துணித் தூளியில் போட்டு ஆட்டி ஆட்டி உருண்டை ஆக்கியதை, பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி கையை அசைத்துக் காட்டினார் அப்பா. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, இதெல்லாம் நான் பினாங்கில் இருந்தபடி இந்தக் குழுவில்தான் படித்தேன். பினாங்கிலேயே இருந்துகொண்டு பினாங்குச் சங்கதி மட்டும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அப்புறம் போட்டியாகிவிட்டது. என் பாக்கெட் ஒரு அடுப்பில், அவள் வீட்டு நைலான் ஜவ்வரிசி இன்னொரு அடுப்பில். என்னுடையது சீக்கிரம் வெந்து கண்ணாடி மாதிரி ஆனது. அவளுடையது நேரம் எடுத்துக்கொண்டது, ஆனால் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது அதுதான் குலையாமல் நின்றது, வாயில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் தோற்றேன், எழுதியே தருகிறேன். அப்பா இரண்டையும் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தை வழித்துவிட்டு, "பாயசத்துக்குள்ள பாலை ஊத்தத் தெரியாம தனியா வெச்சிருக்கீங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

திங்கட்கிழமை ராத்திரி ஜங்ஷனில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் (பெயர்தான் ஏற்காடு, அந்த ரயில் ஏற்காட்டை எட்டிப் பார்த்ததே இல்லை). ரயில் வருவதற்கு 10 நிமிஷம் முன்பு பெட்டியைப் பிளாட்பாரத்திலேயே திறந்து, என் புடவைகளை ஒதுக்கிவிட்டு 2 கிலோ ஜவ்வரிசியைத் திணித்தாள். "அரைக் கிலோ கொண்டாந்தே, வட்டி வேண்டாமா?" நான் அழப்போகிறேன் என்று தெரிந்ததும் தட்டுவடைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, இதை மட்டும் மடியிலேயே வைத்துக்கொள், பெட்டியில் வைத்தால் மாவாகிவிடும் என்று மூன்று தரம் சொன்னாள்.

விமான நிலையத்தில் கை வலித்ததால் பெட்டியில் வைத்துவிட்டேன். மாவாகிவிட்டது. சௌரஸ்தா சந்தையில் புதினாவும் பீட்ரூட்டும் வாங்கி, வீட்டில் எல்லோரும் நொறுக்கலாகவே சாப்பிட்டு முடித்தோம், அவளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஜவ்வரிசி இன்னும் ஒன்றரைக் கிலோ இருக்கிறது. பினாங்குப் பக்கம் வருகிறவர்கள் ஒரு வரி எழுதுங்கள், எடுத்து வைக்கிறேன்.