ஸ்கார்பரோவில் வீட்டு வாசலிலேயே கார் ஆயில் மாத்தலாமா?

கேள்வி:

வணக்கம். குடும்பத்தோட ஸ்கார்பரோ வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது. 2015 கொரோலா ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கேன். சிந்தெடிக் ஆயில் மாத்த கடையில வரியோட நூறு டாலரை ஒட்டிக் கேக்கறாங்க. ஊர்ல என் பைக்குக்கு நானேதான் மாத்துவேன். யூடியூப்ல பார்த்தா இருபது நிமிஷ வேலையாத் தெரியுது. பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கோம், டிரைவ்வேயில ஒரு கார் விட இடம் உண்டு. நானே மாத்திடலாமா? எங்க மாட்டிக்குவேன்?

பதில்:

மாத்தலாம் தம்பி. ஆனா ஸ்பேனரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி மேல் வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இன்டர்லாக் கல் பதிச்ச டிரைவ்வேன்னா ஒரு டம்ளர் ஆயில் சிந்தினாலே போதும், அந்தக் கறை அடுத்த வாடகைக்காரர் வந்த பிறகும் இருக்கும். வாடகை ஒப்பந்தத்துலயே வண்டி ரிப்பேர் கூடாதுன்னு ஒரு வரி இருக்கான்னும் பாருங்க, கையெழுத்துப் போடற அவசரத்துல யாரும் படிக்கறதில்ல. காண்டோவோட அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்ல இருக்கறவங்க இந்த ஆசையை அப்படியே விட்டுடலாம். பெரும்பாலான கட்டடங்கள்ல விடமாட்டாங்க.

அனுமதி கிடைச்சிடுச்சுன்னு வெச்சுக்குவோம். பைக்குக்கு உக்காந்து மாத்தினோம், இங்க ஒரு டன்னுக்கு மேல எடை இருக்கற வண்டிக்கு அடியில படுக்கணும். டிக்கியில வர்ற ஜாக்கி டயர் மாத்த மட்டும்தான். அதை நம்பி அடியில தலையை விடாதீங்க. ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு வேணும், இல்லைன்னா ஏத்தி நிறுத்தற ரேம்ப் வாங்குங்க. எது வாங்கினாலும் சமதளத்துலதான் வேலை, பின் சக்கரத்துக்குக் கட்டை கட்டாயம். இங்க பல டிரைவ்வே ரோட்டைப் பார்த்துச் சரிஞ்சிருக்கும். உங்களுதும் அப்படின்னா அங்க வேணாம். கிஜிஜிங்கற பழைய பொருள் விளம்பர சைட்டுல ஸ்டாண்டு மலிவா வருதேன்னு பாய்ஞ்சு வாங்கவும் வேணாம். 2020-ல அமெரிக்காவோட ஹார்பர் ஃப்ரைட் கடை, தன் பிட்ஸ்பர்க் பிராண்ட் ஸ்டாண்டுகள்ல சில மாடல்களைத் திரும்ப வாங்கிக்க வேண்டி வந்துது. பல்லு முழுசாப் பிடிக்காம, வண்டி கொஞ்சம் அசைஞ்சா திடீர்னு இறங்கிடும்னு காரணம் சொன்னாங்க. அப்படி ஒண்ணு கைமாறி உங்ககிட்ட வந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்ப உங்க கொரோலா. அந்த 1.8 லிட்டர் எஞ்சின் ஃபில்டரோட சேர்த்து 4.2 லிட்டர்தான் பிடிக்கும். இங்க கேன் பெரும்பாலும் 5 லிட்டர்ல வரும், முழுசாக் கவுத்துடாதீங்க. மட்டத்துக்கு மேல போனா உள்ள சுத்தற கிராங்க் தண்டு அடிச்சு ஆயில் நுரைச்சுடும், நுரை எஞ்சினுக்கு உதவாது. 4 லிட்டர் ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டற கம்பி) இழுத்துப் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. மேனுவல்ல போட்டிருக்கற ஆயில் கிரேடு 0டபிள்யூ-20. தண்ணி மாதிரி இருக்கேன்னு மனசு கேக்காது, ஊர்ல 20டபிள்யூ-40 ஊத்திப் பழகின கை. இங்க குளிர் வேற. 0டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 35 டிகிரியில எஞ்சினைச் சுத்தவிடுமான்னு சோதனை உண்டு. கெட்டி ஆயிலைப் போட்டுட்டு ஜனவரி காலைல சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் முனகறது தெரு முழுக்கக் கேக்கும்.

எஞ்சினுக்கு அடியில ஆயிலை வடிக்கற போல்ட்டுக்கு 14-ஆம் நம்பர் ஸ்பேனர். ரிங் ஸ்பேனர் இல்லைன்னா சாக்கெட் போடுங்க, வாய் ஸ்பேனர் போட்டா தலை உருண்டுடும். மல்லாக்கப் படுத்தபடி எந்தப் பக்கம் கழட்டறதுன்னு கை தடுமாறும். போல்ட்டோட தலையை நேராப் பார்த்து இடப்பக்கமாத் திருப்பினா கழலும், அது மாறாது. கடைசி மரை வந்ததும் போல்ட்டை மேல் நோக்கி அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வந்து சட்டுனு இழுத்துடணும். ஆயில் நேராக் கீழ விழும்னு நினைச்சுத் தட்டை வைப்பீங்க. முதல்ல பக்கவாட்டுல ஒரு சாண் தள்ளிப் பீச்சும். வேகம் குறையக் குறையத் தாரை, ஆயில் தேங்கற சேம்பர் பக்கமாப் பின்வாங்கும். கடைசியில நூலாகி, காத்தடிச்சா தட்டுக்கு வெளியில ஆடும். தட்டோட நீங்களும் நகரணும், அதனால அடியில ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சுக்கங்க. எஞ்சின் வெதுவெதுன்னு இருந்தாப் போதும். நெடுஞ்சாலையில ஓடி வந்த கையோட கழட்டினா வெந்த ஆயில் முழங்கை வரைக்கும் ஓடும்.

திரும்பப் பூட்டறப்போதான் நிறையப் பேர் மாட்டறது. ஒழுகிடுமோங்கற பயத்துல இழுத்து இழுத்து முறுக்கி மரையைக் கெடுத்துடறாங்க. இந்தப் போல்ட்டுக்கு 37 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்கிடுங்க, வாஷரைப் புதுசாப் போடுங்க. உங்க காரோட ஃபில்டர் பைக்ல பார்த்த மாதிரி தகரக் குப்பி இல்ல, மூடிக்குள்ள காகித ஃபில்டர். அந்த மூடியைக் கழட்ட 64 மில்லிமீட்டர், 14 பட்டை கப் தனியா வேணும். மூடி மேலயே 25 நியூட்டன் மீட்டர்னு அச்சடிச்சிருக்கும். ஃபில்டர் டப்பாவுக்குள்ள ரப்பர் வளையம் வரும், அதைப் பழைய வளையம் இருந்த அதே பள்ளத்துல, துளி ஆயில் தடவிப் போடணும். இடம் மாறினா ஒழுகும்.

குப்பி ஃபில்டர் உள்ள கார்னா வேற ஒரு ஆபத்து. பழைய வளையம் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும், தெரியாம மேல புதுசை ஏத்திடுவோம். ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துல ஊத்தின ஆயில் மொத்தமும் தரையில கிடக்கும். விரலை விட்டுத் தடவிப் பார்த்துடுங்க.

பழைய ஆயில் விஷயம் பாதிப் பேர் யோசிக்காதது. ரோட்டோரச் சாக்கடைக் கம்பியில ஊத்தக்கூடாது, அதுல போறது ஓடை வழியா ஒன்டாரியோ ஏரிக்குத்தான் போகும். குப்பைத் தொட்டியும் கூடாது. புது ஆயில் வந்த கேனிலேயே பழசை ஊத்தி, இறுக்கி மூடி, சிட்டி டிராப் ஆஃப் டிப்போவுக்குக் கொண்டு போங்க, ஸ்கார்பரோவுலயே ஒண்ணு இருக்கு. வீட்டு அபாயக் கழிவுன்னு சொன்னா வாங்கிக்குவாங்க. கூலன்ட், பெட்ரோல் எதையும் அதோட கலக்காதீங்க, கலந்தா மறுசுழற்சிக்கு ஆகாது. தரையில சிந்தினா பூனைக்குப் போடற மணலைத் தூவி, காலால தேய்ச்சு, மறுநாள் கூட்டுங்க. பைப்பு வெச்சு அடிச்சா கறை விரியத்தான் செய்யும்.

காசுக் கணக்கும் சொல்லிடறேன். ஆயில் தள்ளுபடியில போடறப்போ வாங்கினா, ஃபில்டரோட கடை விலையில பாதிக்கும் கீழ முடியும். ஆனா ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், கப், தட்டுன்னு முதல் செலவு இருக்கே, அதைச் சேர்த்தா முதல் ஒண்ணு ரெண்டு தடவை மிச்சம்னு ஒண்ணும் இருக்காது. வீட்டுல ரெண்டு கார், சொந்த கராஜ்னா லாபம். பேஸ்மென்ட்ல இருந்துக்கிட்டு, வந்த முதல் வருஷமே செய்யணுமான்னா, எனக்கு மனசு ஒப்பல.

இன்னொரு பதில்:

தம்பி, மேல சொன்னது எல்லாம் சரி, நான் ஒண்டு சேர்க்கிறன். எங்கட பக்கத்து வீட்டுப் பெடியன் தன்ர சுபாருவில எஞ்சின் ஒயில் எண்டு நினைச்சு கியர் ஒயிலைக் கழட்டி விட்டிட்டான். பிறகு எஞ்சினுக்கை புது ஒயிலும் ஊத்தினான். எஞ்சினில ரெண்டு மடங்கு, கியர்பொக்ஸில ஒண்டுமில்லை. கொஞ்சத் தூரம் ஓடிப் போட்டு நிண்டிட்டுது. ஹொண்டாவிலயும் உப்பிடிப் பிழை விடுகினம். கியர்பொக்ஸ் போல்ட்டில நடுவில சதுர ஓட்டை இருந்தால் அதைத் தொடாதேங்கோ. ஒயிலை வடிச்ச பிறகு, புதுசு ஊத்த முதல், டிப்ஸ்டிக்கை ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. இன்னும் ஒயில் மட்டம் காட்டினால் பிழையான போல்ட் கழட்டியிருக்கிறியள்.

மற்றது, இஞ்ச ரோட்டுக்குப் போடுற உப்பு அடிப்பக்கத்தை அரிச்சுப் போடும். பழைய காரில கீழ இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பின்ர கிளிப்புகள் குளிருக்குள்ள தொட்டாலே உடையும். நவம்பருக்கு முதல் செய்யுங்கோ, இல்லாட்டி ஏப்ரல் மட்டும் பொறுங்கோ. கராஜுக்குள்ள ஸ்டார்ட் பண்ணுறதெண்டால் கதவைத் திறந்து, காரை வெளியில எடுத்துப் போட்டுச் செய்யுங்கோ. புகை ஆளைக் கொல்லும்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி ரெண்டு அண்ணனுக்கும். வீட்டுக்கார அக்காகிட்ட கேட்டேன், கல்லு போட்டு ஒரு வருஷம்தான் ஆகுது, வேணாம்ப்பான்னுட்டாங்க. கடைக்கே போறேன். அங்க ஏமாறாம இருக்க என்ன பார்க்கணும்?

பதில்:

அக்கா சொன்னது நியாயம். கடையில காரை விடும்போதே 0டபிள்யூ-20 முழு சிந்தெடிக்னு வாயால சொல்லுங்க. பில்லுல ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர், ஓடோமீட்டர் கணக்கு மூணும் இருக்கணும், பின்னாடி காரை விக்கறப்போ அந்தப் பில்லுங்களுக்கு மதிப்பு உண்டு. எஞ்சினை உள்ள கழுவற எஞ்சின் ஃப்ளஷ் பண்ணலாம்னு கேட்டா வேணாம்னு சொல்லிடுங்க. ஏர் ஃபில்டர் அழுக்குன்னு கொண்டு வந்து காட்டுவாங்க. அதைக் கழட்ட ரெண்டு கிளிப்தான், கைவேலை, ஃபில்டரை வாங்கி நீங்களே போட்டுக்கலாம்.

கடை வாசலைத் தாண்டறதுக்கு முன்னாடி அங்கயே நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்க, ஆயில் மூடியும் இறுக்கமா இருக்கான்னு தொட்டுப் பாருங்க. ராத்திரி காருக்கு அடியில ஒரு அட்டையை வெச்சு, காலைல சொட்டு இருக்கான்னு பாருங்க. அக்கா டிரைவ்வேங்கறதால அது ரொம்ப முக்கியம். அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவை, பெட்ரோல் போடறப்போ, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. அதுக்கு ஒரு பழைய துணி போதும், யாரோட அனுமதியும் வேணாம்.