தீர்ப்பு வந்த நிலம், வில்லங்கத்தில் ஏன் வரவில்லை?

கரிசல்காட்டான்:
2019ல் பதினொரு சென்ட் கிரயம் வாங்கினேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பட்டா விற்றவர் பெயரில். வக்கீலிடம் லீகல் ஒப்பீனியனும் வாங்கினோம். போன வருஷம் விற்றவரின் தங்கை வந்து நிற்கிறார். பாகப்பிரிவினை வழக்கில் 2011லேயே அவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சப் கோர்ட்டில் முதல்நிலைத் தீர்ப்பாணை (பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்வது) ஆகிவிட்டது. நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக்கான மனு இன்னும் நிலுவையில்.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் பங்கு அவருக்கு. ஆனால் நான் வாங்கும்போதே எட்டு வருஷமாக ஒரு தீர்ப்பு இருந்தும், நிலம் வாங்குகிறவன் நம்பிப் பார்க்கிற ஏட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சொத்து பற்றிய தீர்ப்பு எதுவானாலும் கோர்ட்டே சார்பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், நிலப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இது என் கருத்து.

வைகைக்கரை வக்கீல்:
உங்கள் இழப்பு புரிகிறது. ஆனாலும் இதை நான் எதிர்க்கிறேன். 1908 பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கோர்ட் தீர்ப்பாணைகளைக் கட்டாயப் பதிவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வழக்குச் சொத்துக்கு வெளியே உள்ள சொத்தையும் சேர்த்துச் சமரசத் தீர்ப்பு வாங்கினால்தான் அந்த விலக்கு கிடைக்காது. கீழ்க்கோர்ட் தீர்ப்பு முதல் மேல்முறையீட்டில் மாறலாம், அப்புறம் இரண்டாம் மேல்முறையீடு இருக்கிறது. எதிர்த்தரப்பு வராமலே ஆன எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யவும் வழி உண்டு. இவற்றை எல்லாம் வில்லங்கத்தில் ஏற்றிவிட்டால், தீர்ப்பு ரத்தான பிறகும் அந்தக் கறையோடுதான் நிலம் நிற்கும். பேங்க் லோன் தராது.

கரிசல்காட்டான்:
அடமானம் ஏறுகிறது, கடனைக் கட்டினதும் ரசீதும் ஏறுகிறது. இரண்டும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. தீர்ப்பு ஒரு வரி, அது ரத்தானால் இன்னொரு வரி. என்ன கஷ்டம்?

இன்னொன்றும் இருக்கிறது. பதிவான பத்திரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லி நான் தப்ப முடியாது, பதிவே ஊருக்கெல்லாம் அறிவிப்பு என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டம். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கினால், பதிவேட்டில் ஏறாத அந்த வழக்கின் முடிவும் என்னைக் கட்டுப்படுத்துகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்:
கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் சொல்கிறேன். தம்பி கேட்பது புதிதில்லை. பதிவான பத்திரத்தை ஒரு தீர்ப்பு ரத்து செய்தால், நகலைப் பதிவு அலுவலகத்துக்குக் கோர்ட் அனுப்ப வேண்டும், அங்கே அந்தப் பத்திரத்தின் பிரதியிலேயே குறிப்பு எழுத வேண்டும். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 31ஆம் பிரிவு இது. கோர்ட் ஏல விற்பனைச் சான்றுக்கும் பதிவுச் சட்டம் 89ல் இதே ஏற்பாடு. சர்வே எண்ணோ நான்கெல்லையோ தீர்ப்பாணையிலேயே இருக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. ஆக விவரம் எல்லாம் கையில் இருக்கிறது. பாகம், உரிமை விளம்புகை (சொத்து யாருடையது என்று அறிவிப்பது) மாதிரியான தீர்ப்புகளுக்குத்தான் அனுப்பு என்ற கட்டளை இல்லை. நான் வேலை பார்த்த இடத்தில் 31ஆம் பிரிவு நகல்கள்கூட அனுப்பப்படாமல் வழக்குக் கட்டுக்குள்ளேயே கிடந்ததுண்டு. அது இன்றும் உறுத்துகிறது.

வைகைக்கரை வக்கீல்:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். மேல்முறையீடு முடிந்து இறுதியான தீர்ப்பை ஏற்றட்டும்.

கரிசல்காட்டான்:
சார், அப்படியானால் என் நிலத்தின் தீர்ப்பு இன்றைக்கும் வில்லங்கத்தில் வராதே. அது முதல்நிலைத் தீர்ப்பாணைதான்.

மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற அறிவிப்பைப் பதிவு செய்தால்தான் 52ஆம் பிரிவு வாங்குகிறவரைக் கட்டும். இதை நாடு முழுக்கக் கொண்டுவரலாம் என்று சட்ட ஆணையம் 1998ல் 157வது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2010ல் உச்ச நீதிமன்றமும் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே இதை எடுத்துச் சொன்னது. நமக்கு இன்னும் வரவில்லை.

வைகைக்கரை வக்கீல்:
வழக்கு போட்டவுடனே பதிவு என்பதை மட்டும் ஏற்கவே மாட்டேன். என் கட்சிக்காரர் ஒரு விவசாயி. மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்க இருந்தார். பக்கத்து நிலத்துக்காரர் பணம் பறிக்கவென்றே ஒரு வழக்கு போட்டார். ஆறு வருஷம் கழித்து அது தள்ளுபடி ஆனது. வழக்கு நடப்பது தெரிந்ததுமே வாங்க வந்தவர் ஒதுங்கிவிட்டார். வில்லங்கத்திலும் வரும் என்றால் இப்படி மிரட்ட எத்தனை பேர் கிளம்புவார்கள்?

முதல்நிலைத் தீர்ப்பாணை வேறு. நீதிபதி விசாரித்துப் பங்கைத் தீர்மானித்திருக்கிறார். அதை ஏற்றலாம், உங்களோடு ஒத்துப்போகிறேன். வெறும் பிராதுக்கு அந்த மரியாதை வேண்டாம்.

கரிசல்காட்டான்:
பிராது விஷயத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம் சார். அறிவிப்பு பொய் என்றால் சீக்கிரம் நீக்க வழி வையுங்கள். மறைத்து வைப்பது வாங்குகிறவன் தலையில்தான் விடிகிறது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், சர்வே எண் போட்டுத் தேட வழி இல்லை. விற்றவரின் அப்பா பெயரையும் தங்கை பெயரையும் போட்டுத் தேட எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

செல்லம்மாள் பேத்தி:
நான் மறுபக்கம் நிற்கிறவள். தீர்ப்பு கையில் இருந்தும் என் பங்கைச் சேர்த்து அண்ணன் விற்றுவிடுவாரோ என்ற பயத்தில் இருக்கிறேன். பதிவு செய்யப் போனேன், தீர்ப்பாகி நாலு மாசம் தாண்டிவிட்டது, முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களைப் போல் நிலம் வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்று நானும்தான் அலைகிறேன், அண்ணா.

வைகைக்கரை வக்கீல்:
சகோதரி, பதிவுச் சட்டம் 23ஆம் பிரிவின் நாலு மாசக் கெடுவைக் காட்டித் தீர்ப்பாணைப் பதிவை மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முறைக்கு மேல் சொல்லியிருக்கிறது. வாய்வார்த்தையில் திரும்பி வராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், 71ஆம் பிரிவு. அந்த உத்தரவின் மேல் முப்பது நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

செல்லம்மாள் பேத்தி:
நன்றி சார். சான்றிட்ட நகல் வீட்டில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.