குறுவை நெல் வரப்பில் பயறு போட்டால் பூச்சி மருந்தைக் குறைக்க முடியுமா?

கேள்வி: தென்கரை உழவன்

காவிரி டெல்டா, 2 ஏக்கர், குறுவைக்கு ஆடுதுறை 43 நெல் ரகம். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் பெருகும் என்கிறார்கள். எப்போது, எவ்வளவு விதைக்க வேண்டும்? வரப்பில் செடி இருந்தால் எலி வளை போடாதா? இலைச் சுருட்டுப்புழுவைப் பார்த்த பிறகும் மருந்தடிக்காமல் எதுவரை பொறுக்கலாம்?

பதில்: வரப்போரம்

நடவு முடித்துவிட்டு ஆற அமர விதைப்பதால்தான் பலருக்கு இது கைகொடுப்பதில்லை. உளுந்து பூக்க 30 முதல் 35 நாள் ஆகும். பயிரில் பூச்சி ஏறும்போது வரப்பில் பூ இருக்க வேண்டுமென்றால், அண்டை வெட்டி மண் அணைத்த அன்றே, ஈரம் காயுமுன் ஊன்றிவிடுங்கள். அடிக்கு ஒரு குழி, குழிக்கு 2 விதை. ஒரே துண்டாக உள்ள ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 250 மீட்டர் வரும். உளுந்து 100 கிராம் தாராளம். உள்வரப்பு இருந்தால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு தட்டைப்பயறுக்கு. பூவில் மட்டுமல்ல, பூங்கொத்துக் காம்பிலும் அதற்குத் தேன் சுரக்கும். பூச்சிகளின் முட்டையிலோ புழுவிலோ தன் முட்டையை வைத்து அவற்றை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் அதைக் குடித்து அதிக நாள் உயிர் வாழும். அதில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். அசுவினியைக் கண்டு பயந்து வரப்புக்கு மருந்தடித்தால் எல்லாமே வீண். குத்துச்செடி ரகமாகப் பாருங்கள். கொடி ரகம் நெல்லுக்குள் சரியும்.

வரப்பில் களைக்கொல்லி வேண்டாம். புல் இனங்களை மட்டும் அறுத்து எடுங்கள், இலைச் சுருட்டுப்புழு அவற்றிலும் வளரும். பூக்கும் அகன்ற இலைப் பூண்டுகளை விட்டுவையுங்கள்.

சீனா, தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் வரப்பில் தேன் தரும் செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்து, மகசூல் 5 சதவீதம் கூடியிருந்தது. புகையானின் (நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) முட்டையை அழிக்கும் குட்டிக் குளவிக்கு எள்ளுப் பூ மிகவும் உகந்தது. ஆனால் எள்ளுக்கு நீர் தேங்கக் கூடாது, நம் பக்கம் மேட்டு வரப்பில்தான் நிற்கும்.

பதில்: கிட்டிக்காரர்

எலி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எலிக்கு வசதி செய்து தருவது வரப்பின் அகலம்தான். உள்வரப்பை ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேல் விடாதீர்கள். அதில் ஒற்றை வரிசை போதும். பெருவரப்பில் மட்டும் இரண்டு வரிசை.

நட்டதும் ஏக்கருக்கு 20 இடத்தில் 'டி' வடிவக் குச்சி நடுங்கள், பயிருக்கு மேல் ஒரு அடி தெரிய வேண்டும். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். இரவில் ஆந்தைக்கு, குறுக்குக் கட்டையில் வைக்கோல் சுற்றிய தடித்த குச்சிகள் சில வரப்போரம் வையுங்கள். கதிர் பால் பிடிக்கும்போது பகல் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் நெல் தின்னும் குருவிகளுக்கு அதுவே இருக்கை.

ஆந்தையை நம்பிவிட்டு எலி மருந்தும் வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் ஆந்தையும் சாகலாம். ஏக்கருக்கு 40 தஞ்சாவூர் கிட்டி (மூங்கிலில் செய்த எலிப்பொறி), மாலையில் வைத்துக் காலையில் எடுங்கள்.

பதில்: பூச்சிநோக்கி

மூன்றாவது கேள்விக்கு. நட்டு 40 நாள் வரை கொஞ்சம் இலை சுருண்டதைக் கண்டதுமே அடிக்க வேண்டியதில்லை, பயிர் புதுத் தூரும் இலையும் விட்டு ஈடுகட்டிவிடும். அதற்குள் அடிக்கும் மருந்து சிலந்திகளைத்தான் முதலில் கொல்லும். பைரித்ராய்டு வகை மருந்துக்குப் பின் புகையான் பொங்குவது இதனால்தான்: இலையுறைக்குள் இருக்கும் முட்டை தப்பி, ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கிறது, வெளியே அதைத் தின்ன ஆள் இல்லை.

எந்த அளவை எட்டினால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இலைச் சுருட்டுப்புழு தூர்விடும் பருவத்தில் 10 சதவீத இலை, பூக்கும்போது கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம். குருத்துப்பூச்சி என்றால் 10 சதவீதக் குருத்துக் காய்தல், அல்லது சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல். புகையான் தூருக்கு 1. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். குத்தை விலக்கி, தண்ணீர் மட்டத்தையொட்டி அடித்தூரைப் பாருங்கள். அங்கே ஓடும் சிறிய பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியைத் தத்துப்பூச்சி என்று நினைத்து அடிப்பவர்கள் ஏராளம். அது புகையான் முட்டையை உறிஞ்சும் நண்பன். பச்சைத் தத்துப்பூச்சி பெரும்பாலும் மேல் இலையில் இருக்கும்.

நடும்போதே 8 அடிக்கு ஒருமுறை ஒரு அடி அகலத்துக்குப் பட்டம் (நடாத இடைவெளி) விடுங்கள், காற்றும் வெயிலும் அடித்தூருக்குப் போகும். யூரியாவை ஒரே தவணையில் கொட்டினால் வரப்பில் எத்தனை பூ இருந்தாலும் புகையான் வரும்.

தென்கரை உழவன்

நன்றி. டிரைக்கோகிரம்மா அட்டையும் (முட்டை ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டை) கட்டலாமா?

பூச்சிநோக்கி

கட்டலாம். இலைச் சுருட்டுக்கு கைலோனிஸ் என்ற இனம், நட்ட 37, 44, 51ஆம் நாள், ஏக்கருக்கு 2 சிசி (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு). துண்டுகளாக வெட்டி, வயல் முழுக்கப் பரவலாக இலையின் அடிப்பக்கம், வெயில் தாழ்ந்த பிறகு. முட்டை கருத்திருக்க வேண்டும். பொரிந்து ஓடாக இருந்தால் வாங்காதீர்கள். குருத்துப்பூச்சிக்கு வேறு இனம், ஜப்பானிக்கம், கேட்டு வாங்குங்கள். அட்டை கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எந்தப் பூச்சி மருந்தும் கூடாது. குருத்துப்பூச்சி முட்டைக் குவியலைக் கையில் எடுத்தால் நசுக்காமல் வலை கட்டிய டப்பாவில் போட்டு வரப்பில் வையுங்கள்: புழு உள்ளேயே சாகும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் குளவி வலை வழியாக வயலுக்குத் திரும்பும். டப்பாவைத் தாங்கும் குச்சியில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், எறும்பு ஏறாது.